சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின்: தோல் உரிந்தால்தான் வேலை செய்கிறதா?

கார்த்திகைப்பூ

எல்லாருக்கும் வணக்கம். வயது 49. கண் ஓரத்தில் கோடுகள், கன்னத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாகக் கருமை, மேலுதட்டுக்கு மேலே செங்குத்தாகச் சின்னச் சின்ன வரிகள். தோல் மருத்துவரிடம் போனதற்கு ட்ரெட்டினாயின் என்கிற வைட்டமின் ஏ வகை மருந்து, 0.05 சதவீத க்ரீம், எழுதிக் கொடுத்தார். இரவில் போடுங்கள், காலையில் சன்ஸ்கிரீன் போடுங்கள் என்றார், அவ்வளவுதான், வெளியே ஒரு கூட்டமே காத்திருந்தது, நானும் வேறெதுவும் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

தினமும் இரவு தவறாமல் போட்டுவருகிறேன். இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. மூக்கு ஓரமும் வாய் ஓரமும் சிவந்துபோய், தாடையில் தோல் பொடிப்பொடியாக உரிகிறது. முகம் கழுவினால் தண்ணீர் பட்டாலே காந்துகிறது. வருஷக்கணக்காகப் போட்டுவந்த மாய்ஸ்சரைசர்கூட இப்போது எரிகிறது. தங்கையிடம் காட்டினால், "உரிஞ்சா நல்லதுதான்க்கா, பழைய தோல் போய்ப் புதுசு வருது, விட்டுடாத" என்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவோ, இந்த க்ரீம் தோலை மெலிய வைத்துவிடும், பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும் என்று பயமுறுத்துகிறார்.

யார் சொல்வது சரி? உரிவது நல்ல அறிகுறியா? இதை விட்டுவிட்டுக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற ரெட்டினால் சீரத்துக்கு மாறிவிடலாமா? சுருக்கம் உண்மையிலேயே குறையுமா, அல்லது எல்லாம் விளம்பரமா? நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமா? வருஷக்கணக்கில் போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பவளமல்லி

முதல் வேலையாக இன்று இரவு அந்த ட்யூபைத் தொடாதீர்கள். தண்ணீர் பட்டு எரிகிறது என்றால் தோலின் மேல் அரண் உடைந்திருக்கிறது என்று அர்த்தம், அதன்மேல் மறுபடியும் மருந்தைப் போட்டால் புண்ணாகத்தான் ஆகும். வாசனை இல்லாத, கெட்டியான மாய்ஸ்சரைசர் ஒன்று, அது இல்லாவிட்டால் வெறும் வாசலின், இரண்டில் ஒன்று போதும். முகம் கழுவ நுரை பொங்காத மிதமான க்ளென்சர். ஸ்க்ரப், டோனர், பழ அமில சீரம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு, ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் தெரியாது என்கிற நிலைக்கு வந்த பிறகு, வாரத்தில் இரண்டு இரவு என்று தொடங்குங்கள்.

நான் ஆறேழு வருஷமாகப் போடுகிறேன், வயது ஐம்பத்தேழு. 0.025 தான். அதற்கு மேலே போனதே இல்லை, போக வேண்டிய அவசியமும் வரவில்லை. என் மருத்துவர் ஆரம்பத்திலேயே சொன்னது இதுதான்: தோல் இதற்குப் பழகச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை ஆகும், அந்தக் காலத்தில் நீங்கள் அவசரப்பட்டால் தோலும் கோபப்படும், நீங்களும் வெறுத்துப்போய் ட்யூபைத் தூக்கிப் போடுவீர்கள். பாதிப் பேர் நிறுத்துவது அப்படித்தான் என்றார்.

போடுகிற விதத்திலும் நிறைய இருக்கிறது. முகம் கழுவியவுடன் ஈரத்தோடு போட்டால் உள்ளே அதிகம் இறங்கும், எரிச்சலும் அதிகம். துடைத்துவிட்டு இருபது நிமிஷம், அரை மணி நேரம் காய விடுங்கள். அப்புறம் முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான். எனக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை, இத்தனை துளி எங்கே போதும் என்று தோன்றும், ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என்று வைத்து இழுத்துவிட்டால் தாராளமாக வரும். கூடுதலாகப் போட்டால் பலன் கூடுவதில்லை, சிவப்புதான் கூடும். மூக்கு மடிப்பு, வாய் ஓரம், கண் ஓர மூலை ஆகிய இடங்களில் க்ரீம் ஊர்ந்துபோய்த் தேங்கும், உங்களுக்குச் சிவந்திருக்கிற இடங்களைப் பார்த்தாலே தெரிகிறதே. அங்கெல்லாம் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவி வைத்துவிட்டுப் போடுங்கள். முகம் முழுக்க மெல்லிசாக மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, அதன்மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போடுகிறவர்களும் உண்டு. வீரியம் கொஞ்சம் குறையலாம். குறையட்டுமே, எரியாமல் வருஷம் முழுக்கப் போடுவதுதானே முக்கியம்.

மருந்துப்பெட்டி

மருந்தாளுநராகப் பல வருஷம் இருந்தவன். பவளமல்லி சொன்ன முறையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்தை வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் நம்பிக்கொண்டு போவார்கள்.

இந்த மருந்து முதலில் வந்தது முகப்பருவுக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் அறுபதுகளின் கடைசியில் இதைப் பருவுக்குப் பயன்படுத்திக் காட்டினார், அமெரிக்காவில் 1971 இல் பரு மருந்தாக அனுமதி கிடைத்தது. பருவுக்குப் போட்டவர்களில் வயதானவர்கள் சிலர், தோல் வழுவழுப்பாகிறது, கோடுகள் குறைகின்றன என்று சொல்லப்போக, அவர் அந்தப் பக்கம் திரும்பி 1986 இல் வெயிலால் முதிர்ந்த தோலுக்கு இது உதவுகிறது என்று கட்டுரை வெளியிட்டார். 1988 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 30 பேரை வைத்து 16 வாரம் முறையான சோதனை நடந்தது, 0.1 சதவீத க்ரீம் ஒரு பக்கம், மருந்தில்லாத வெறும் க்ரீம் இன்னொரு பக்கம். மருந்து போட்டவர்களுக்குச் சுருக்கம் குறைந்தது உண்மை. ஆனால் அவர்களில் 92 சதவீதம் பேருக்குத் தோல் அழற்சியும் வந்தது.

உடனே சந்தேகம் கிளம்பியது. தோல் வீங்கிச் சிவந்ததால் கோடுகள் மறைந்ததுபோலத் தெரிகிறதா, இல்லை மருந்தே வேலை செய்கிறதா? அதற்குப் பதில் 1995 இல் வந்தது. அதே மிச்சிகன் குழு 0.1, 0.025 என்ற இரண்டு வீரியங்களையும் வெறும் க்ரீமையும் 48 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு வீரியமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றத்தைக் கொடுத்தன. எரிச்சல் மட்டும் 0.1 போட்டவர்களுக்கு மிக அதிகம். அதாவது நான்கில் ஒரு பங்கு மருந்து, பலன் அதே, தொல்லை குறைவு. எரிச்சல் வேறு, பலன் வேறு என்று அன்றைக்கே பிரித்துக் காட்டியாகிவிட்டது. முப்பது வருஷம் ஆகியும் தங்கைமார்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆக உரிவது பக்கவிளைவு. லேசாக வறண்டு கொஞ்சம் பொடி உதிர்வது ஆரம்பத்தில் பலருக்கும் வரும், பயப்பட வேண்டாம். சிவந்து, காந்தி, மாய்ஸ்சரைசரே எரிகிற நிலை என்றால் அளவு மீறிவிட்டது. இதில் மாநிறம், கருமை நிறத் தோல் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. நம் தோலில் எங்கே அழற்சி வந்தாலும் அது ஆறும்போது கருந்தழும்பை விட்டுவிட்டுப் போகும். திட்டைப் போக்கப் போட்ட மருந்தே புதுத் திட்டை உண்டாக்கும். ஆகவே நம்மைப் போன்றவர்கள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு போடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. எரிச்சல் வராமல் பொறுமையாகப் போட்டால் அதே மருந்து அந்தக் கருந்தழும்புகளை மங்கவும் வைக்கும், 1993 இல் கறுப்பினத்தவர்களிடம் செய்த சோதனையில் அது தெளிவாகத் தெரிந்தது, ஆனால் அதற்கும் 40 வாரம் ஆயிற்று.

தோல் மெலிகிறது என்ற பயத்துக்கு வருகிறேன். மேலே இருக்கிற செத்த செல் அடுக்கு இறுகிக் கச்சிதமாகிறது, ஆரம்பத்தில் தோல் மென்மையாகவும் வெயிலுக்குக் கூசுவதாகவும் தெரிவது அதனால்தான். அதற்குக் கீழே உயிருள்ள மேல்தோல் தடிக்கிறது. இன்னும் ஆழத்தில், தோலை உறுதியாக வைத்திருக்கிற கொலாஜன் என்ற புரதம் கூடுகிறது: 1993 இல் வந்த இன்னொரு ஆய்வில் பத்துப் பன்னிரண்டு மாதம் போட்ட பிறகு தோலைக் கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள், மருந்து போட்டவர்களுக்குப் புதிய கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியிருந்தது, வெறும் க்ரீம் போட்டவர்களுக்கு 14 சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பயப்படுவது ஸ்டீராய்டு க்ரீமைப் பற்றியாக இருக்கும். தோலை மெலிய வைப்பது அது.

இந்த இடத்தில் ஒன்று கேட்டே ஆக வேண்டும். உங்கள் ட்யூபில் மருந்தின் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் ட்ரெட்டினாயின் மட்டும்தான் இருக்கிறதா? ட்ரெட்டினாயின், கருமையை மங்க வைக்கிற ஹைட்ரோகுவினோன், கூடவே மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் போல ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்த க்ரீம் உண்டு. மங்கு என்கிற கருந்திட்டுக்கு, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் போடுவதற்கானது. அதில் சிவப்பே தெரியாது, ஸ்டீராய்டு அமுக்கி வைத்திருக்கும், முகம் சீக்கிரம் வெளுக்கும், ஆஹா என்று மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே போவார்கள். அப்புறம் முகத்தில் ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். சுருக்கத்துக்கு அது மருந்தே இல்லை.

கார்த்திகைப்பூ

ட்யூபை எடுத்துப் பார்த்துவிட்டேன், ட்ரெட்டினாயின் மட்டும்தான். மூச்சு வந்தது. மிக்க நன்றி இரண்டு பேருக்கும். ரெட்டினால் சீரம் விஷயம் மட்டும் யாரும் சொல்லவில்லையே?

ஒத்தையடி

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுருக்கத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரெட்டினாயின் க்ரீமின் உள்ளே வருகிற தாளைப் படித்தால், இது சுருக்கத்தை நீக்காது என்று அதை விற்கிறவர்களே எழுதியிருப்பார்கள். மெல்லிய கோடு, சொரசொரப்பு, திட்டுக் கருமை ஆகியவற்றைக் குறைக்க உதவும், அதுவும் வெயிலைத் தவிர்ப்பது, மாய்ஸ்சரைசர் போன்ற மற்ற பராமரிப்போடு சேர்த்து. இவ்வளவுதான் அவர்கள் கொடுக்கிற வாக்குறுதி. மூக்கிலிருந்து வாய் வரை இறங்குகிற ஆழமான மடிப்பு, தொங்கிப்போன தாடை, முகத்தில் கொழுப்பு வற்றியதால் வந்த பள்ளம் இவற்றையெல்லாம் எந்த க்ரீமும் தூக்கி நிறுத்தாது. சிரிக்கும்போது, புருவத்தைச் சுருக்கும்போது தசை இழுப்பதால் வருகிற கோடுகளும் இதற்கு அவ்வளவாக மசியாது. மேலுதட்டுக்கு மேலே இருக்கிறது என்றீர்களே, அது கொஞ்சம் மென்மையாகலாம், காணாமல் போகாது.

இரண்டாவது, வெயில். முகத்தில் வயது என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு வெயில் செய்த வேலை. சந்தேகமாக இருந்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத் தோலையும் புறங்கைத் தோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றுதான். சன்ஸ்கிரீன் இல்லாமல் ட்ரெட்டினாயின் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. வீட்டுக்குள்தான் இருக்கிறேன் என்றும் விட முடியாது, வெயிலில் இருக்கிற யுவிஏ என்கிற புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். எஸ்பிஎஃப் 30 க்குக் குறையாமல், யுவிஏ யுவிபி இரண்டையும் தடுக்கிறது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம் கழுத்துக்குச் சரியாக இருக்கும், நாம் வழக்கமாகப் போடுவது அதில் பாதிகூட இருக்காது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். கருமைத் திட்டு இருப்பதால் இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீன் உங்களுக்கு இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது.

என்னைக் கேட்டால் ஒரு வருஷம் சன்ஸ்கிரீனை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, அதுவே பழக்கமான பிறகு இந்த மருந்துக்கு வரலாம். காலையில் சன்ஸ்கிரீன் போடச் சோம்பல்படுகிறவர் இரவில் ட்ரெட்டினாயின் போடாமல் இருப்பதே மேல்.

பவளமல்லி

ஒத்தையடி சொன்னதில் முக்கால்வாசிக்குத் தலையாட்டுகிறேன். ஆனால் ஒரு வருஷம் ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டையும் சேர்த்தே தொடங்கலாமே. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது சரிதான். எனக்குக் கண்ணுக்குக் கீழே இருந்த நூல் மாதிரிக் கோடுகள் நன்றாகவே குறைந்தன, கன்னத்துத் திட்டு மங்கியது, தோலைத் தொட்டால் முன்பிருந்த சொரசொரப்பு இல்லை. நெற்றிக் கோடு அப்படியே இருக்கிறது. மடிப்பும் அப்படியே இருக்கிறது. ஊரில் யாரும் பத்து வயது குறைந்துவிட்டது என்று சொல்லவில்லை, நானும் அதற்காகப் போடவில்லை.

நேரமும் எடுக்கும். முதல் சில வாரத்தில் தெரிகிற பளபளப்பு மேல் அடுக்கு சீராவதால் வருவது. கோடுகளில் வித்தியாசம் தெரிய மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம். தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே ஜன்னல் பக்கத்தில், ஒரே நேரத்தில், மேக்கப் இல்லாமல் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மருந்துப்பெட்டி

ரெட்டினால் கேள்வி. வைட்டமின் ஏ குடும்பத்தில் தோல் செல் நேரடியாக உபயோகிக்கக்கூடியது ரெட்டினாயிக் அமிலம். ட்ரெட்டினாயின் என்பதே அதுதான், செல்லுக்குள் போனவுடன் அதற்கான ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும். கடையில் கிடைக்கிற ரெட்டினாலைத் தோல் முதலில் ரெட்டினால்டிஹைடாக மாற்ற வேண்டும், அப்புறம் ரெட்டினாயிக் அமிலமாக மாற்ற வேண்டும். இந்த இரண்டு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும், அதனால் வீரியம் குறைவு, எரிச்சலும் குறைவு. ரெட்டினைல் பால்மிட்டேட் என்று எழுதியிருந்தால் இன்னும் ஒரு படி தள்ளி. ரெட்டினால் வீண் என்று சொல்ல மாட்டேன், 0.4 சதவீத ரெட்டினாலை முதியவர்களின் கைத்தோலில் போட்டுச் செய்த 2007 ஆய்வில் மெல்லிய சுருக்கம் குறைந்தது. ஆனால் கடைப் பொருட்களில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பலர் எழுதுவதே இல்லை, காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் கெட்டும்போகும். கையில் ட்ரெட்டினாயின் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார் என்றால், மாறுவதைவிட வீரியத்தை 0.025 க்கு இறக்கித் தரச் சொல்லிக் கேட்பது நல்ல யோசனை. ஜெல்லாக இருந்தால் க்ரீமாக மாற்றிக் கேளுங்கள், ஜெல் கூடுதலாக வறட்டும், பருத் தோலுக்குத்தான் அது சரி.

அடாபலீனும் இதே வகைதான், எரிச்சல் குறைவு, அமெரிக்காவில் 2016 முதல் 0.1 ஜெல் சீட்டில்லாமலே கிடைக்கிறது, ஆனால் சுருக்கத்துக்கு என்று பார்த்தால் ட்ரெட்டினாயினுக்கு இருக்கிற அளவு ஆதாரம் அதற்கு இல்லை. டாசரோட்டீன் இன்னும் கடுமை, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வைட்டமின் ஏ மாத்திரையை விழுங்கினால் ஆகாதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள். ஆகாது. சுருக்கம் குறையாது, அளவு மீறினால் கல்லீரல்தான் கெடும்.

இரவில் போடச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சத்தில் ட்ரெட்டினாயின் சிதைந்துவிடும் என்பது. பென்சாயில் பெராக்சைடு என்கிற பரு மருந்தோடு சேர்ந்தாலும் சிதையும், இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். வைட்டமின் சி சீரம் வேண்டுமென்றால் காலையில், தோல் நன்றாகப் பழகிய பிறகு.

இன்னொன்று, இந்த வயதில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதிகம். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தால் அதுவே வெயில் கூச்சத்தைக் கூட்டும், டாக்சிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தோல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எக்ஸிமா, முகம் அடிக்கடி சிவந்துபோகிற ரோசேசியா இருந்தாலும் சொல்ல வேண்டும்.

சவரக்கத்தி

நடுவில் ஒரு சந்தேகம். ஆண்களும் போடலாமா? வயது 52, தினமும் ஷேவ் செய்கிறேன். போட்ட மறுநாள் காலையில் கத்தி வைத்தால் எரியாதா?

பவளமல்லி

போடலாம், தோலுக்கு ஆண் பெண் தெரியாது. என் கணவர் நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் போடுகிறார், தாடிப் பகுதியைத் தொடுவதில்லை. உரிகிற நாட்களில் ஷேவை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவை மொத்தமாக விட்டுவிடுங்கள். பெண்களுக்கும் இதேபோல ஒன்று உண்டு: முகத்தில் வாக்ஸ் வேண்டவே வேண்டாம். ட்ரெட்டினாயின் போடுகிற தோலில் மேலுதட்டுக்கு வாக்ஸ் வைத்து இழுத்தால் முடியோடு தோலும் வரும், பார்த்திருக்கிறேன், அழகு நிலையத்தில் நாமாகச் சொன்னால்தான் உண்டு, அவர்கள் கேட்க மாட்டார்கள்.

கார்த்திகைப்பூ

இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு இரவாகப் போடவில்லை, எரிச்சல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தேன். அப்புறம், என் தங்கை இந்த ட்யூபிலிருந்தே எடுத்து அவளும் போட ஆரம்பித்திருக்கிறாள், அவளுக்கு 36, கல்யாணமாகி இப்போதுதான் குழந்தைக்கு முயற்சி செய்கிறார்கள். அவளுக்கு 0.05 அதிகமாகிவிடுமா, 0.025 வாங்கச் சொல்லவா?

மருந்துப்பெட்டி

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். உங்கள் தங்கை 0.05 ம் போட வேண்டாம், 0.025 ம் போட வேண்டாம். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ரெட்டினால் சீரம் இருந்தால் அதையும்.

காரணம் இதுதான். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவில் இருக்கிற குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும், அதில் இரண்டு கருத்து கிடையாது. க்ரீமாகப் போடும்போது ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம்தான். தெரியாமல் போட்டுவிட்டோமே என்று ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கிற யாராவது இதைப் படித்தால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் முகச் சுருக்கம் காத்திருக்கக்கூடிய விஷயம், அதற்காக இந்தச் சின்ன ஆபத்தையும் எடுக்க வேண்டியதில்லை என்பதால்தான் கர்ப்பத்திலும், கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும்போதும் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். டாசரோட்டீன் என்றால் இன்னும் கண்டிப்பு. பாலூட்டுகிறவர்களும் கேட்காமல் போடக்கூடாது. தங்கைக்குக் கருமைத் திட்டுதான் கவலை என்றால் அசிலாயிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, கர்ப்ப காலத்திலும் அனுமதிக்கிறார்கள், அவருடைய மருத்துவரைக் கேட்டு அதைப் போடட்டும்.

நீங்களும் யோசியுங்கள். 49 என்கிறீர்கள், மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

சீட்டில் எழுதித் தருகிற மருந்தை வீட்டில் எல்லாரும் பங்கு போடுவது எப்போதும் தொல்லைதான். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் மட்டும்தானே இருக்கிறது.

நிறுத்தினால், பலன் ஒரே நாளில் போகாது, ஆனால் மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். போடுவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகாது, வயதும் வெயிலும் தங்கள் வேலையைத் தொடரும், அவ்வளவுதான். ஒரு வருஷம் போல ஒழுங்காகப் போட்டு வேண்டிய அளவு பலன் வந்த பிறகு வாரம் மூன்று இரவாகக் குறைத்துக்கொண்டால் அதைப் பெரும்பாலும் தக்கவைக்க முடியும்.

கார்த்திகைப்பூ

தங்கையிடம் இப்போதே பேசிவிட்டேன். முதலில் சிரித்தாள், இதைப் படிக்கக் கொடுத்ததும் அடங்கினாள், அடுத்த வாரம் அவளுடைய டாக்டரிடம் கேட்கிறாளாம். நானும் 0.025 க்ரீம் கேட்டு நேரம் வாங்கியிருக்கிறேன், இந்த முறை கேள்விகளை எழுதிக்கொண்டு போகிறேன். கழுத்துக்கும் புறங்கைக்கும் போடலாமா என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.

பவளமல்லி

கேளுங்கள். புறங்கைக்கு நான் போடுகிறேன், முகத்தைவிட நன்றாகவே தாங்குகிறது, கை கழுவினால் போய்விடும் என்பதால் படுக்கப் போகும்போதுதான். கழுத்து அப்படியில்லை, அங்கே எண்ணெய்ச் சுரப்பி குறைவு, சட்டென்று சிவந்துவிடும். முகம் முழுசாகப் பழகுகிற வரை கழுத்தை விட்டுவையுங்கள், அப்புறமும் வாரம் ஒரு இரவு, மாய்ஸ்சரைசர் போட்ட பிறகு, முகத்தில் தடவி விரலில் மிச்சமிருப்பதை மட்டும்.